இக்னேஷியஸ் விழுந்த மலை

1

மன்னார்குடியில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். நான் பெங்களூருக்கு வந்து பத்து வருஷம் நிறைகிறது என்பது அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. ‘மைசூர் ராஜ்யத்தில் நம்மவர் வாழ்வு’ என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். நம்மவர் எல்லோருடைய வாழ்வும் எனக்குத் தெரியாது. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் சிநேகிதன் ஒருவன் மலைக்காட்டில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தான். அதை நேரில் பார்த்தவன் நான். அதைத்தான் எழுத முடியும்.

பெங்களூர் என்ன கடல் கடந்த தேசமா, ராத்திரி ரயிலேறினால் விடிந்ததும் இறங்கிவிடலாமே என்று ஊரில் கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் வந்த முதல் வாரமே வாடகை வீடு தேடிப் போய், இந்த வீடுதானா என்று வாசலில் நின்றவரிடம் விசாரித்தேன். அவர் "இல்லி" என்றார். இல்லை என்கிறார் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டு நடந்தேன். அந்தத் தெருவையே சுற்றிச் சுற்றி வந்து மறுபடி அவரிடமே கேட்டேன். அவர் கொஞ்சம் கோபமாகத் தரையைக் காட்டி, இன்னும் உரக்க "இல்லி" என்றார். கன்னடத்தில் ‘இல்லி’ என்றால் ‘இங்கே’. இல்லை என்பதற்கு ‘இல்லா’. வீட்டு வாசலில் நின்றுகொண்டே அந்த வீட்டைத் தவறவிட்டவன் நான்.

இப்போது தொம்மலூரில், ஏரிக்கரைக்குப் போகும் சந்தில் குடியிருக்கிறேன். ஒரு பெரிய தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் வேலை. மனைவி கமலா, எட்டு வயதில் மகள் வசந்தி. மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரித்தபோது நான் இருந்த இடத்தில்தான் இருந்தேன். ஆனாலும் அதற்குப் பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பெயரைக் கேட்ட கையோடு, சொந்த ஊர் எது என்கிறார்கள். வசந்தியைப் பள்ளியில் சேர்க்கப் போனபோதும் அதே கேள்வி. மன்னார்குடி என்று நான் சொல்ல, "தொம்மலூர்" என்று அவள் திருத்தினாள். குமாஸ்தா அவள் சொன்னதை எழுதிக்கொண்டார்.

வசந்தி கணக்கைக் கன்னடத்தில்தான் மனசுக்குள் போடுகிறாள். விரல் மடக்கும்போது உதடு ‘ஒந்து, எரடு’ என்று அசையும். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, விளையாடிக் களைத்து வந்து "எனக்கு நீரு பேக்கு" என்று என் தம்பி மனைவியிடம் தண்ணீர் கேட்டாள். அங்கிருந்த பிள்ளைகளெல்லாம் சிரித்துவிட்டார்கள். அதன்பின் நாங்கள் ரயிலேறும்வரை அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

எனக்கும் ஊரில் மூன்றாவது நாளே இருப்புக் கொள்ளாது. எப்போது பெங்களூர் போவோம் என்றிருக்கும். பெங்களூர் வந்து சேர்ந்தால், அடுத்த ஞாயிறு மத்தியானமே சுவரெல்லாம் கிட்டே வருகிறமாதிரி தோன்றும். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். எங்கே என்று கமலா கேட்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது.

2

இந்த இருப்புக் கொள்ளாமைதான் என்னை இக்னேஷியஸிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இக்னேஷியஸ் ரிச்சர்ட்ஸ் டவுன்காரன். பிரேசர் டவுனில் ஒரு மோட்டார் பட்டறையில் மெக்கானிக். யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்துப் போட்ட மோட்டார் சைக்கிள்கள் கண்டோன்மென்ட் பக்கம் ஏராளமாகக் கிடந்தன. செத்துப்போன இரண்டு வண்டிகளை ஒன்றாக்கி எனக்கு ஒரு வண்டி செய்து கொடுத்தான். ஓட்டவும் அவனே கற்றுக் கொடுத்தான், கோடையில் வறண்டு கிடந்த தொம்மலூர் ஏரிக்குள். வயலும் வாய்க்காலுமாக மட்டமாகக் கிடக்கும் தஞ்சை ஜில்லாவில் பிறந்தவன் நான். ஏரிக்கரை ஏறி இறங்குவதே எனக்கு மலையேற்றம்தான்.

மூன்றாவது ஆள் நஞ்சுண்டய்யா. என் தொழிற்சாலையில் ஃபோர்மன். கொள்ளேகாலத்துக்காரன். கொள்ளேகாலம் ராஜ்யப் பிரிவினை வரைக்கும் கோயம்புத்தூர் ஜில்லாவில், நம் சென்னை ராஜ்யத்தில் இருந்த ஊர். அவன் தமிழ் பாதி, கன்னடம் பாதி பேசுவான். உட்கார்ந்த இடத்திலேயே தன்னை வேறு ராஜ்யத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லிச் சிரிப்பான்.

மூன்று பேரும் ஞாயிறுதோறும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். தார் ரோடு முடிகிற இடத்தில்தான் எங்கள் பிரயாணம் ஆரம்பமாகும். மாட்டுவண்டித் தடம், ஓடைப் படுகை, கரட்டுச் சரிவு என்று எதையும் விடமாட்டோம். இக்னேஷியஸ் கால்மிதியில் எழுந்து நின்றபடி, மற்றவர்கள் மாடிப்படி ஏறுவதுபோலப் பாறையில் வண்டியை ஏற்றுவான். நான் விழாத ஞாயிறு கிடையாது. முழங்கையில் தோல் உரிந்து வீடு திரும்பும்போது மட்டும் எனக்குள் ஏதோ ஒன்று அடங்கியிருக்கும். செவ்வாய்க்கிழமை வரை தாங்கும்.

இக்னேஷியஸின் அக்கா ஸ்டெல்லா இங்கிலாந்தில் நர்ஸ். அவள் ஏற்பாட்டில் தம்பிக்கும் அங்கே ஒரு வேலை அமைந்தது. அவர்கள் தெருவில் வீட்டுக்கு வீடு யாராவது கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. மகன் போய்க் காலூன்றியதும் தானும் போய்விடுவது என்று அவன் அம்மா முடிவு கட்டியிருந்தாள். மிஷன் பள்ளியில் தையல் கற்றுக்கொடுத்து, இரண்டு பிள்ளைகளையும் தனியாக வளர்த்தவள். கம்பளி நூல் வாங்கி அவனுக்கு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிட்டாள்.

பாஸ்போர்ட்டுக்காக இக்னேஷியஸ் அலைந்த கூத்தை அவனே சொல்லி நடித்துக் காட்டுவான். சொந்த ஊர் பெங்களூர் என்று அவன் எழுதிக் கொடுக்க, அது இருக்கும் ஊர், பூர்வீக ஊர் எது என்று ஆபீசர் கேட்டாராம். தாத்தாவின் அப்பா காலத்தில் பட்டாளத்தோடு வந்தவர்கள் அவர்கள். ஆற்காட்டுப் பக்கம் ஏதோ கிராமம் என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியாது என்று சொன்னால் ஆபீசர் நம்பவில்லை. கடைசியில் அவன் ஆற்காடு என்றே எழுதிக் கொடுத்தான். அந்த ஊரை அவன் கண்ணால் பார்த்ததில்லை. இதைச் சொல்லும்போது நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவனும் சிரிப்பான். போக அவனுக்கு விருப்பமா என்று எங்கள் இருவரில் ஒருவரும் கேட்கவில்லை. இங்கிலாந்து போவதற்கு யாருக்காவது விருப்பம் இருக்காதா என்ன.

3

கப்பலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கடைசியாக ஒரு பெரிய சுற்று போகலாம் என்றான். எங்கே என்பதையும் அவனே சொன்னான். பிளிகிரி ரங்கன் மலை. கொள்ளேகாலத்துக்கு அப்பால், சத்தியமங்கலம் காடுகளோடு ஒட்டிக் கிடக்கும் மலைத்தொடர் அது. மேலே கோயில் இருக்கிறது. கோயிலைத் தாண்டிக் காட்டுக்குள் போகும் தடம் மலை முதுகு நெடுகப் போய் அந்தப் பக்கம் இறங்குகிறது. யானைக் காடு. காட்டு இலாகா பங்களாவில் ஒரு ராத்திரி தங்குவதற்கு நஞ்சுண்டய்யா அனுமதி வாங்கினான். அதிலும் எங்கள் மூவருடைய சொந்த ஊரையும் கேட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை இருட்டோடு கனகபுரா ரோட்டில் கிளம்பினோம். கனகபுரா தாண்டியதும் குளிர் விட்டது. மத்தியானம் மலையடிவாரம். அங்கிருந்து ஏற்றம். மழை அரித்துப் போட்ட பாதையில் சக்கரத்தடம் இரண்டு வாய்க்கால் மாதிரி இருந்தது. நடுத் திட்டில் முழங்கால் உயரப் புல். முதல் கியரிலேயே முக்கி முனகி ஏறினோம். கிளட்ச் தீய்ந்த நாற்றம் மூக்கை விட்டுப் போகவில்லை. மூங்கில் புதர்கள் இருபக்கமும் நெருங்கி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தன. பாதையில் யானைச் சாணம் கிடந்தால் இறங்கி, கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பான் நஞ்சுண்டய்யா. சூடில்லை என்று அவன் தலையாட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

இக்னேஷியஸ் அன்று யாருக்கும் பிடி கொடுக்காமல் ஓட்டினான். முன்னால் போய் மறைந்துவிடுவான். ஒரு திருப்பத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு, எதிர் மலைகளைப் பார்த்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருப்பான். நாங்கள் வந்ததும் பேசாமல் மறுபடி உதைத்துக் கிளப்புவான். சாயங்காலம் பங்களா வாசலில் விறகு மூட்டிக் குளிர்காயும்போது, ஸ்டெல்லா இருக்கும் ஊரில் மலை உண்டா என்று நஞ்சுண்டய்யா அவனிடம் கேட்டான். தெரியாது, கேட்டதில்லை என்றான் இக்னேஷியஸ். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை மலை முதுகில் புறப்பட்டோம். முன்னால் இக்னேஷியஸ், அவன் பின்னால் நான், கடைசியில் நஞ்சுண்டய்யா. பனி விலகிக்கொண்டிருந்தது. ஒரு காப்பித் தோட்டத்தைக் கடந்து கொஞ்ச தூரத்தில் பாதை இறங்க ஆரம்பித்தது. கூழாங்கல்லும் செம்மண்ணும் கலந்த சரிவு. வலப்பக்கம் மலை, இடப்பக்கம் மழைத்தண்ணீர் அறுத்த பள்ளம். பயப்படும்படி பெரிய இறக்கம் அல்ல. நான் கூட விழாமல் இறங்கிக்கொண்டிருந்தேன்.

பாதைக்குக் குறுக்கே ஒரு வேர் கிடந்தது. இக்னேஷியஸின் முன் சக்கரம் அதில் ஏறி நழுவி, வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. இதைப்போல அவன் சாய்ந்து நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு காலைத் தரையில் உதைப்பான், வண்டி நிமிர்ந்துவிடும். அன்று அவன் உதைக்கவில்லை. பஸ்ஸில் தூங்கிப்போன மனுஷன் பக்கத்து ஆள் மேல் சரிகிறமாதிரி, வண்டியோடு சேர்ந்து மெதுவாகச் சரிந்தான். பிறகு பள்ளத்துக்குள் தகரம் உருளும் சத்தம் கேட்டது.

4

வண்டி அவன் காலின் மேல் கிடந்தது. நானும் நஞ்சுண்டய்யாவும் சேர்ந்து தூக்கினோம். முழங்காலுக்குக் கீழே கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நஞ்சுண்டய்யா தன் துண்டைக் கிழித்துக் கட்டினான். மூங்கில் தப்பை வெட்டி வந்து இரண்டு பக்கமும் வைத்து இறுக்கினான். ரத்தம் நிற்கவில்லை. இவனைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், உதவிக்கு ஓர் ஆள் போக வேண்டும், நீங்கள் போங்கள் என்று என்னிடம் கன்னடத்தில் சொன்னான். அவசரம் வந்தால் அவனுக்குத் தமிழ் வராது.

காப்பித் தோட்டத்துக்குத் திரும்பித் தனியாகப் போனேன். அந்தத் தடத்தில் முன்னாலும் பின்னாலும் ஆளில்லாமல் நான் ஓட்டியது அதுதான் முதல் தடவை. ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. பக்கத்து மூங்கில் காட்டுக்குள் கிளை முறிகிற சத்தம். காற்றா, யானையா தெரியாது. உதைத்தேன், கிளம்பவில்லை. மறுபடி உதைத்தேன். பள்ளத்தருகே நிறுத்தியபோது மூடிய பெட்ரோல் குழாயைத் திறக்காமலே வந்துவிட்டதைப் பிறகுதான் கவனித்தேன். திறந்துவிட்டு உதைத்ததும் கிளம்பியது. அதன்பின் கல்லா மேடா எதையும் பார்க்கவில்லை. விழுந்துவிடுவோமோ என்று நினைக்கக்கூட நேரமில்லை.

தோட்டத்தில் ஞாயிறு விடுமுறை. தொழிலாளர் வீடுகளுக்கு முன்னால் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஓடிப்போய், ஒன்பது வருஷமாகச் சேர்த்துவைத்த கன்னடம் முழுவதையும் கொட்டினேன். சிநேகிதன் விழுந்தது, கால் முறிந்தது, ரத்தம், வண்டி வேண்டும் என்பதெல்லாம் தாறுமாறாக வந்தது. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவள் சொன்னாள்:

"தமிழ்லயே சொல்லுங்க. நாங்க சேலத்துப் பக்கம்."

சொன்னேன். பாதி கேட்கும்போதே ஈரக் கையோடு ஓடினாள். தோட்டத்து லாரி டிரைவரையும், கட்டுப் போடச் சுத்தமான துணிகளையும், இரண்டு ஆட்களையும் அவள்தான் திரட்டினாள். லாரி கிளம்ப மறுத்தது. எல்லோரும் சேர்ந்து தள்ளினோம். அது இருமி இருமி உயிர் பெற்றது.

இக்னேஷியஸின் முகம் வெளுத்துப் போயிருந்தது. வைக்கோல் பரப்பி அவனை லாரியில் படுக்க வைத்தோம். அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் சட்டையைக் கொத்தாகப் பிடிப்பான். மலை இறங்கும்போது ஏதோ முனகினான். வலி தாங்கவில்லை போல என்று குனிந்தேன்.

"ஒரு பிளக் வேலை செய்யல இந்த லாரில" என்றான். "சவுண்ட் கேக்குதா உனக்கு?"

எனக்கு எதுவும் கேட்கவில்லை. சாமராஜநகர் ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் மூச்சு சீராக வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

5

சாமராஜநகரில் காயத்தைக் கழுவிக் கட்டி, மறுநாள் பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். காலை எடுக்க வேண்டிவருமோ என்று டாக்டர்கள் இரண்டு மூன்று வாரம் யோசித்தார்கள். பிறகு வேண்டாம் என்றார்கள். அது தெரிந்த அன்று நான் ஷிப்ட் முடிந்து நேராக வார்டுக்குப் போனேன். அவன் அம்மா கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். கப்பல் அந்த வாரம் போய்விட்டிருந்தது.

எலும்பு கூடினதும் அடுத்த கப்பலுக்கு எழுதிப் போடலாம், ஸ்டெல்லா பேசி வைத்திருக்கிறாள் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு சாதாரணமாக, மகனைப் பார்க்காமலே கேட்டாள்:

"அது இல்லடா, நீ சின்ன வயசுல சைக்கிள்லருந்துகூட விழுந்ததில்லையே. எப்டி விழுந்த?"

என் பார்வை அவன் மேல் போனது. நான் கண்டதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கண்டது சரிதானா என்ற சந்தேகமும் இருந்தது. அவன் மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"வேணும்னு விழலம்மா. வண்டி சாஞ்சுது. புடிச்சிருக்கலாம். புடிக்கல."

"ஏன்?"

"போவ இஷ்டமில்ல. உங்கிட்ட சொல்ல வரல."

அவள் ஆரஞ்சு உரிப்பதை நிறுத்தவில்லை. சுளை சுளையாகப் பிரித்து, நார் எடுத்து, தட்டில் வைத்தாள். எல்லாம் வைத்து முடித்த பிறகு சொன்னாள்:

"வாயால சொல்றதுக்கு எதுக்குடா காலை ஒடைச்சுக்கின?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடின கண்ணிலிருந்து காதுப் பக்கமாகத் தண்ணீர் வழிந்தது. அவள் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, ஒரு சுளையை அவன் வாயில் வைத்தாள்.

வராந்தாவுக்கு வந்த பிறகுதான் அவள் உடைந்தாள். ஸ்டெல்லாவைப் பார்த்து எத்தனை வருஷமாகிறது தெரியுமா சோமு என்றாள். பேரப்பிள்ளையைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். மகன் போனால் பின்னால் தானும் போகலாம் என்று ஒவ்வொரு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தவள். இவன் போகவில்லை என்றால் தனக்கும் வழியில்லை என்று அன்று அழுதாள். வண்டியில் உட்காருகிறீர்களா, வீட்டில் விட்டுவிடுகிறேன் என்றேன். அந்தச் சனியன் வேண்டாம் என்று நடந்தே போனாள்.

இக்னேஷியஸ் ஊன்றுகோலோடு நடமாட ஆரம்பித்ததும், நன்றி சொல்லப் போகிறேன் என்று பஸ் ஏறி அந்தக் காப்பித் தோட்டத்துக்குப் போனான். இரண்டு நாளில் வருகிறேன் என்றவன் வரவில்லை. லாரியின் எஞ்சினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான் என்று நஞ்சுண்டய்யா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். இப்போது தோட்டத்து வண்டிகளெல்லாம் அவன் பொறுப்பு. ரிச்சர்ட்ஸ் டவுனை விட்டுப் போக இஷ்டமில்லாமல் காலை ஒடித்துக்கொண்டவன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் ரிச்சர்ட்ஸ் டவுனை விட்டுவிட்டு மலைக்குப் போக அவனுக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை. அவனிடமே இதைக் கேட்டேன். தனக்கும் புரியவில்லை என்றான்.

அவன் அம்மா என்ன செய்தாள் என்பதை ரிச்சர்ட்ஸ் டவுனில் இன்றைக்கும் பேசுகிறார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள், ஆபீஸ் ஆபீஸாகத் தானே ஏறி இறங்கி, தன் பெயரில் பாஸ்போர்ட் வாங்கினாள். பூர்வீக ஊர் கேட்டவரிடம், எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்தால் எழுதிக்கொள்ளுங்கள் என்றாளாம். மகன் வராவிட்டால் என்ன, நான் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். அறுபது வயது. பம்பாய்க்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

போன மாதம் ஒரு நாள் காலையில் அவளை வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனோம். கமலாவும் வந்திருந்தாள். மலையிலிருந்து இக்னேஷியஸ் வந்திருந்தான், லேசாகக் கால் சாய்த்து. அங்கே குளிரும், காதை மூடிக்கொள் என்றான் அவன். மலையிலும் குளிரும், காலைச் சுற்றிக்கொள் என்றாள் அவள். அவனுக்காகப் பின்னிய ஸ்வெட்டரைத் தானே போட்டுக்கொண்டிருந்தாள். தோள் தொளதொளவென்று இருந்தது. ரயில் நகர்ந்ததும் கைகாட்டினாள். பிறகு முகத்தைத் திருப்பி, வண்டி போகிற பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

சாப்பிட்டுவிட்டுப் போ என்று கமலா எவ்வளவோ சொல்லியும் இக்னேஷியஸ் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டான்.

வசந்தியைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினேன். கமலா பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவள் அந்த வண்டியில் ஏறியதே அபூர்வம். கல்யாணமான நாளாக நானும் அவளும் சேர்ந்து எங்காவது போனோம் என்றால் அது மன்னார்குடிக்குத்தான். தொம்மலூர்ப் பக்கம் திருப்பப் போனபோது அவள் என் தோளைத் தொட்டாள்.

"இப்புடியே எங்கயாவது போவலாமா?"

வண்டியை ஓரங்கட்டினேன். லீவு போட்டால் வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலுக்கு ஊருக்குக் கிளம்பலாமே என்றேன்.

"ஊருக்கு வேணாங்க" என்றாள். "வேற எங்கயாவது."

திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும்தான் சுவர் கிட்டே வருகிறது என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்ளச் சொன்னேன். வண்டியைக் கனகபுரா ரோட்டுப் பக்கம் திருப்பினேன்.